இன்ஜின் கோளாறு உள்ள பழைய கார் வாங்கலாமா? குமரி மாவட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2021-ல் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதே வயதில் நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டியை அப்போது 2,80,000 கேட்டார்கள். எனக்குப் பாதி விலையில் கிடைத்ததற்குக் காரணம், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தது. வாங்கும் முன்பே அது எனக்குத் தெரியும். வேலைக்கு 62,000 ஆனது. வண்டி இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு தக்கலை, குளச்சல், நாகர்கோவில் பக்கத்து உறவினர்களும் நண்பர்களும் இப்படி வண்டி வாங்கும்போது கூடப் போயிருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

கோளாறு இருக்கிறது என்று தெரிந்தும் வாங்குவது புத்திசாலித்தனமா?

என்ன கோளாறு என்று தெளிவாகத் தெரிந்தால், ஆம். பழைய காரில் கோளாறு இல்லாத வண்டி கிடையாது. தெரிந்த கோளாறை விலையில் கழித்துக்கொள்ளலாம். தெரியாத கோளாறு வாங்கிய மூன்றாம் மாதம் தெரிய வரும், அதற்கான பணமும் நம் கையிலிருந்துதான் போகும். ஆனால் "இன்ஜினில் சின்ன வேலை இருக்கு" என்று சொல்வது கோளாறைச் சொன்னதாகாது. எந்த இடத்தில், எதனால், எவ்வளவு நாளாக என்று சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் கார் வாங்குபவர் இன்ஜினைவிட பாடியின் அடிப்பாகத்தைத்தான் அதிகம் பயந்து பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே துரு பற்றிய கேள்வியில் வருகிறது.

எந்தக் கோளாறு என்றால் வாங்கலாம், எது என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்?

ஒரே இடத்தில் நிற்கும் கோளாறு என்றால் பேசலாம். ரேடியேட்டர் ஓட்டை, ஃபேன் ஓடாதது, வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், ஸ்டார்ட்டர், டர்போ குழாய் லீக் எல்லாம் அந்த வகை. ஹெட் கேஸ்கட்டும் பெரும்பாலும் இதில்தான் சேரும். ஆனால் வண்டி சூடேறிய பிறகும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. உடனே நிறுத்தியிருந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸ் பிடித்து (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி), புது கேஸ்கட் போட்டால் முடிந்துவிடும். நீராவி கிளம்பிய பிறகும் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். பிஸ்டனும் ரிங்கும்கூட அடி வாங்கியிருக்கலாம்.

நடுவில் ஒரு வகை உண்டு: ஆயில் குடிக்கும் இன்ஜின். வால்வ் சீல் மட்டும் போயிருந்தால் செலவு குறைவு. பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருந்தால் முழு இன்ஜின் வேலைதான். போரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது புது லைனர் இறக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி விலை குறைந்தால் வாங்கலாம்.

இன்ஜினின் அடியிலிருந்து கனமாக "டக் டக்" என்று சத்தம் வந்து, ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க அது வேகமானால், கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் அதுவும் அந்தப் பக்கத்து விஷயம்தான். அப்போது கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்டை அரைத்துச் சரிசெய்வது) வரை போகும். விலை மலிந்த சிறிய காருக்கு இந்த வேலை கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட வண்டியை நான் வாங்கச் சொல்வதில்லை.

புகையின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமாமே?

ஓரளவு முடியும். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் வால்வ் சீலைச் சந்தேகப்படுங்கள். ஓட்டும்போதெல்லாம் வந்தால் ரிங். சூடான பிறகும் நிற்காத கெட்டியான வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போய் எரிகிறது. கரும்புகை டீசல் அதிகமாகப் போவதால் அல்லது காற்று குறைவாகப் போவதால் வருவது. ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை காரணம் இருக்கும். ஏர் ஃபில்டர் சில நூறு ரூபாய், காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில்.

மழைக்கால விடியற்காலையில் நல்ல வண்டியிலும் சைலன்சரிலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில நிமிடத்தில் மறைந்துவிடும்.

பார்க்கப் போகும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

பானெட் மேல் கை வையுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். "வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குளச்சல் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் என் மச்சினனும் போனபோது பானெட் தோசைக்கல் மாதிரி சுட்டது. "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் அந்த அண்ணன். டீ குடித்துப் பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அது ஆறிய பிறகு சாவியைத் திருப்பினால் நான்கு முறை சுற்றியும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தபோது கார் ஷெட் முழுக்க நீலப் புகை. அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டோம்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். காபியில் பால் திரிந்த மாதிரி வெளிர் பழுப்பில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. என் ஸ்விஃப்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு விரலால் வழித்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. அதிகம் ஓடாமல் குறைந்த தூரம் மட்டும் போகும் வண்டியில் மூடியில் லேசாக இப்படிச் சேர்வதுண்டு. அதனால் டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் அதே நிறம் என்றால் சந்தேகமே இல்லை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. ஆறிய இன்ஜினில் மட்டும் திறக்கவும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீரைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் வழியாகக் காற்று வருகிறது. மூடியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதுதான் காரணம்.

பிறகு இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து துளையின் மேல் தளர்வாக வையுங்கள். மூடி துள்ளி, குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து மீட்டர் விளக்குகளையும் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். சாவி ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் யாரோ அதன் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

கட்டாயம். அதுவும் விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக் ஆசானாக இல்லாமல், உங்கள் வண்டியைப் பார்க்கும் ஆசானாக இருக்க வேண்டும். அரை நாள் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். சும்மா வரச் சொன்னால் சும்மாதான் பார்ப்பார். கம்ப்ரஷன் கேஜும் ஸ்கேனரும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பெட்ரோல் வண்டியில் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் நிம்மதி, 120-க்குக் கீழே போனால் வேலை வந்துவிட்டது. டீசலில் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும், அதற்குத் தனி கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. டீசல் என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டும் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவைப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

கோளாறை எப்படியெல்லாம் மறைப்பார்கள்?

தேய்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தமும் புகையும் சில வாரம் அடங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன் மாதிரி இழுத்தால் ஏன் என்று கேளுங்கள். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போட்டு அடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் அதையே நிரந்தர வைத்தியமாக விட்டால் சிறிய வழிகள் எல்லாம் அடைந்துபோகும். ஃபேனை நேரடி சுவிட்சில் இணைத்திருப்பார்கள், தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருப்பார்கள். இரண்டும் சூடேறும் வண்டியை விற்கும்வரை சமாளிக்கும் வேலை. ஸ்கேனரில் எல்லாக் கோளாறுக் குறியீடும் அழிந்து, சுத்தமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஊருக்குள் மட்டும் சுற்றாதீர்கள். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஏசி போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து ஏற்றிப் பாருங்கள். பார்வதிபுரம் பாலத்தில் ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

என்ன விலைக்குக் கேட்பது?

அதே மாடல், அதே ஆண்டு, நல்ல நிலையில் என்ன விலை போகிறது என்று முதலில் நாலு இடத்தில் விசாரியுங்கள். அதிலிருந்து ஆசான் சொன்ன செலவைக் கழியுங்கள். அந்தச் செலவில் பாதியை இன்னொரு தடவை கழியுங்கள், ஏனென்றால் ஹெட்டைத் திறந்த பிறகுதான் முழு விவரம் தெரியும். வண்டி இல்லாமல் இருக்கும் நாட்களுக்கும் அலைச்சலுக்கும் ஒரு தொகையைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை.

என் கணக்கு இப்படி இருந்தது: 2,80,000-ல் ஆசான் சொன்ன 45,000 போக 2,35,000. 45,000-ல் பாதியான 22,500 போக 2,12,500. அதன் பிறகும் நான் 1,40,000-க்கு வாங்க முடிந்தது, வண்டி ஏழு மாதம் ஓடாமல் கிடந்து வேறு யாரும் கேட்காததால். 45,000 என்று சொன்ன வேலை 62,000 ஆனது. ஹெட்டைத் திறந்த கையோடு டைமிங் செயினையும் வாட்டர் பம்பையும் மாற்றினோம். ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின்தான் அந்த ஸ்விஃப்டில் இருப்பது. ஓட்டம் அதிகமான வண்டியில் செயின் தளர்ந்து சத்தம் போடும். கூலி ஒன்றுதான் என்பதால் சேர்த்தே முடித்துவிட்டேன். அந்தப் பாதித் தொகையை ஒதுக்கி வைக்காமல் இருந்திருந்தால் வண்டி வர்க்‌ஷாப்பிலேயே நின்றிருக்கும்.

துருவை ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்?

இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம், வேறு இன்ஜினே போடலாம். சேசிஸ் பகுதியிலும் அடித்தகட்டிலும் துரு தின்றால் அதற்கு முடிவே கிடையாது. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நம் மாவட்டத்துக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. மணவாளக்குறிச்சி, முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குக் காரின் அடியில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் கரைந்த உப்புநீரும் சேர்ந்துகொள்ளும்.

சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியைத் தூக்கச் சொல்லி, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். "டிங்" என்று கேட்டால் தகடு இருக்கிறது. "பொத்" என்று கேட்டால் கறுப்புப் பெயின்ட்டும், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும்தான் இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, பின்சக்கர ஸ்பிரிங் உட்காரும் இடம், ஸ்டெப்னி குழி, முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றை விடவே கூடாது. மிதியடியைத் தூக்கி ஓட்டுநர் காலடியையும் பாருங்கள்.

இன்ஜின் போய், பாடி நன்றாக இருக்கும் வண்டியை நான் வாங்குவேன். இன்ஜின் நன்றாக இருந்து அடி துருவேறிய வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க மாட்டேன். கடற்கரை ஊர்களில் ரேடியேட்டரில் உப்புக் கிணற்று நீரை ஊற்றும் பழக்கமும் உண்டு. உள்ளே துருவேறி வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் கெடும். ரேடியேட்டர் நீர் செம்மண் நிறத்தில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் ஓடாமல் நின்ற வண்டி நல்லதுதானே?

நம் மாவட்டத்தில் இந்த வகை நிறையக் கிடைக்கும். மகன் வளைகுடாவில், அப்பா அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, வண்டி போர்ட்டிகோவில். என் வண்டியும் அப்படி நின்றதுதான். "ஒரு குறையும் கெடையாது மக்களே, ஃபேன் மட்டும் ஓடாது" என்றார் அந்தப் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. மகன் சொன்னதைச் சொன்னார். மகனிடம் வாட்ஸ்அப்பில் பேசியபோதுதான் ஃபேன் ஓடாமல் களியக்காவிளையிலிருந்து வீடு வரை ஓட்டியது தெரிந்தது. ஆகவே கடைசியாக ஓட்டியவரிடம் பேசாமல் விலை பேசாதீர்கள்.

நின்ற வண்டியில் ஓட்டம் குறைவாக இருக்கும், ஆனால் பேட்டரி, டயர், பிரேக், ரப்பர் சீல், பழைய எரிபொருள் எல்லாம் போயிருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். டயர் பட்டன் (ரோட்டில் படும் பகுதி) நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. இந்த வகை வண்டியை இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்து, புது ஆயில் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று எப்படிப் பார்ப்பது?

2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் பல இடங்கள் தண்ணீரில் கிடந்தன, அதற்கு முன் 2017-ல் ஒக்கி புயல். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். சீட் அடியில் அது நகரும் தண்டவாளத்தில் துருவும், ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். மூழ்கிய வண்டியை வாங்க வேண்டாம். வயரிங் கோளாறு தீரவே தீராது.

கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே?

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் நமக்குப் பக்கம்தான். கே.எல். 19, கே.எல். 20 வண்டிகள் மார்த்தாண்டத்தில் தினமும் ஓடுகின்றன. ஆனால் இங்கே வைத்து ஓட்ட வேண்டும் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, அதாவது டி.என். 74 அல்லது டி.என். 75-ல், மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஜின் வேலைச் செலவோடு இந்த வரியும் சேர்ந்தால் விலை குறைவு என்பது காணாமல் போய்விடும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேறு பழைய இன்ஜினே வாங்கிப் போட்டால் என்ன?

மாருதி வண்டிகளுக்கு எளிது. கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய இன்ஜின்கள் கிடைக்கும். ஆனால் அதன் நிலையும் நமக்குத் தெரியாது. பில், இன்ஜின் எண் இரண்டும் இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள், திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். இன்ஜின் எண் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். என் ஆசை எப்போதும் இருக்கும் இன்ஜினையே சரிசெய்வதுதான். அதில் என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அபராத பாக்கி, வங்கிக் கடன். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். விற்பவரும் இதில் அக்கறை காட்டுவது நல்லது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

15 ஆண்டை நெருங்கும் வண்டி என்றால் கவனம். 2022 ஏப்ரலிலிருந்து காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. புகை கக்கும் இன்ஜினோடு ஆய்வுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே இன்ஜின் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் புதுப்பிக்கப் போக வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸில் இன்ஜின் வேலைக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் சேராது.

வாங்கிய அன்றே ஓட்டிக்கொண்டு வரலாமா?

சூடேறும் வண்டி, ஆயில் விளக்கு எரியும் வண்டி இரண்டையும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ரெக்கவரி வண்டிக்கு 3,000 ரூபாய் கொடுக்க மனமில்லாமல் என் சொந்தக்காரர் ஒருவர் அருமநல்லூரிலிருந்து ஓட்டி வந்தார். கேஸ்கட் மட்டும் போயிருந்த வண்டி, தோவாளை வந்தபோது இன்ஜினே இறுகி நின்றுவிட்டது.

வேலை முடிந்த பிறகு?

கழற்றிய பழைய பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லேத் பில்லையும் கேளுங்கள். ரிங்கும் போரும் செய்த இன்ஜின் என்றால் முதல் 1,000 கிலோமீட்டர் வரை விரட்டாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாமல் பாருங்கள். தினமும் காலையில் ஆயிலும் கூலன்ட்டும் அளவு பாருங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் தேதியும் அளவும் எழுதி டாஷ்போர்டில் வைத்திருந்தேன். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றும்போது பழைய ஆயிலை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மினுமினுவென்று சில துகள் இருப்பது முதல் தடவை இயல்பு. விரலில் நெருடும் அளவுக்குச் சில்லு தட்டுப்பட்டால் அந்தத் தட்டோடு நேராக ஆசானிடம் போய்க் காட்டுங்கள்.